முத்தாரம்மாளின் தொண்டைக்கு ஒரு மெட்டு

ராஜபாயிடம், நீங்கள் என்ன வாத்தியம் வாசிக்கிறீர்கள் என்று யாராவது கேட்டால், எந்தக் கிழமையில் என்று அவள் திருப்பிக் கேட்பாள். கேலிக்காகக் கேட்பதில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் சபையில் நடக்கும் தமிழ் ஆராதனைக்கு அவள் ஆர்கன் வாசித்தாள். வாரத்தில் மூன்று நாள் ரேடியோ நிலையத்தில் வயலின். புதன்கிழமை சாயங்காலம் பூஜப்புரையில் ஒரு நடனப் பள்ளியில் ஆர்மோனியம். சனிக்கிழமைகளில் ஏதாவது நாடகம் நடந்தால் மேடைக்கு முன்னால் பள்ளத்தில், துருத்தியைக் காலால் மிதித்து வாசிக்கும் பெரிய ஆர்மோனியத்தோடு உட்கார்ந்திருப்பாள். ரேடியோவில் ஆர்மோனியம் கூடாது என்பது அப்போது தேசம் முழுவதற்கும் இருந்த விதி. அதனால்தான் அங்கே வயலின்.

அவளுடைய அப்பா பாறசாலைக்குப் பக்கத்தில் உபதேசியாராக இருந்தவர். ஒன்பது வயதில் ஆர்மோனியத்தில் கை வைத்தாள். மிஷன் ஆஸ்பத்திரியில் இருந்த ஒரு வெள்ளைக்கார நர்ஸ் அம்மாள், வயலினைத் தாடைக்குக் கீழே இடுக்கி வாசிக்கச் சொல்லிக் கொடுத்தாள். 1947இல் தங்கையனைக் கட்டிக்கொண்டு திருவனந்தபுரத்துக்கு வந்த பிறகு, அதே வயலினைத் தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து, கால் பெருவிரல் பக்கம் சாய்த்து வாசிக்கப் பழகினாள். மூன்று மாதம் கழுத்தும் முட்டியும் கடுத்தன. பிறகு கை இரண்டு விதத்துக்கும் இணங்கி வந்தது.

கோட்டைக்குள் இருந்த ஒரு வித்வான் அவள் வாசிப்பைக் கேட்டுவிட்டு, அது சர்ச்சில் பழகிய வேதக்கோயில் கை என்றார். சபையில் மூப்பர் ஒருவர், அது நாடகக் கை என்று வருத்தப்பட்டார். நாடகக்காரர்கள் ரேடியோக் கை என்றார்கள். ராஜபாய் மூன்றையும் கேட்டுக்கொண்டாள். மூன்று இடத்திலும் மறுபடி அவளைத்தான் கூப்பிட்டார்கள் என்பதும் அவளுக்குத் தெரியும். ஒருவர் பாடத் தொடங்கி இரண்டு வரி ஆனதும், அவர் மூச்சு எங்கே முடியும், எந்த இடத்தில் தாளத்தை விடுவார், எந்தச் சுரத்துக்குப் பயப்படுகிறார் என்பதெல்லாம் அவளுக்குப் பிடிபட்டுவிடும். அந்த இடம் வருவதற்கு முன்பே அவள் விரல் அங்கே காத்திருக்கும். பாடுகிறவர் தாமாகவே நன்றாகப் பாடிவிட்டதாக நினைத்துக்கொண்டு வீட்டுக்குப் போவார். அப்படி அவர் நினைத்தால்தான் தன் வாசிப்பு சரியாக இருந்தது என்று அவள் வைத்திருந்தாள்.

1954 ஆவணியில் திரவியம் பிள்ளை அவள் வீட்டுக்கு வந்தார். சாலைக் கடைத்தெருவில் அரிசி மொத்த வியாபாரம் செய்பவர். அங்கே கடை வைத்திருந்த நாஞ்சில் நாட்டுக்காரர்கள் சேர்ந்து நடத்திய கலா சமிதியின் செயலாளர். சமிதிக்குப் பத்தாவது ஆண்டு விழா வருகிறது, முத்தாரம்மாளைப் பாடக் கூப்பிட்டிருக்கிறோம், அவளும் சம்மதித்துவிட்டாள் என்று சொல்லும்போது அவருக்குக் குரலே மாறிப்போயிற்று. ஆர்மோனியத்துக்கு டீச்சர்தான் வரவேண்டும் என்றார். நடனப் பள்ளியில் வாசிப்பதால் ஊரில் பலரும் அவளை டீச்சர் என்றுதான் கூப்பிட்டார்கள்.

முத்தாரம்மாள் யாரென்று அந்தத் தலைமுறையில் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. முப்பது வருஷத்துக்கு மேல் நாடக மேடையில் ராணி வேஷம் கட்டியவள். மைக் இல்லாத காலத்தில், கொட்டகையின் கடைசி வரிசைக்கு அப்பால் கடலை விற்பவனுக்கும் வார்த்தை வார்த்தையாகக் கேட்கும்படி பாடியவள். அவள் பாடியதில் முகில் பாட்டு என்று ஒன்று உண்டு. போருக்குப் போன ராஜா திரும்பாதபோது, ராணி மேகத்தைப் பார்த்துக் கொஞ்சம் நில் என்று கெஞ்சுகிற பாட்டு. அந்த ‘நில்’ என்ற ஒரு சொல்லை மேல் பஞ்சமத்தில் பிடித்து, கொட்டகை முழுவதும் மூச்சை அடக்கிக் கேட்கும்வரை நிறுத்துவாள். இசைத்தட்டாகவும் வந்து ஊர் ஊராக ஓடியது. எட்டு வருஷமாக அவள் எங்கும் பாடவில்லை. இப்போது வயது அறுபது.

அவள் நாகர்கோவிலிலிருந்து பஸ்ஸில் வந்து, கரமனையில் தன் தங்கை மகள் மங்கலத்தின் வீட்டில் தங்கினாள். ஒத்திகை திரவியம் பிள்ளை கடையின் மாடியில் நடந்தது. கீழே சாக்கு மூட்டைகள் இறங்கிக்கொண்டிருந்தன; மேலே புது அரிசியின் மணம். மிருதங்கத்துக்குப் பகவதிப்பெருமாள் வந்திருந்தான். முத்தாரம்மாள் நல்ல உயரம். உட்கார்ந்திருந்தபோதும் நிற்கிறவளைப் போலவே தெரிந்தாள். சுருதி அஞ்சரைக் கட்டை என்றாள். இளம் பெண்கள் பாடுகிற உயரம் அது. ராஜபாய் ஒன்றும் கேட்காமல் அஞ்சரையைப் பிடித்தாள்.

மற்றப் பாட்டுகள் ஒருவழியாகப் போயின. முகில் பாட்டில் ‘நில்’ வந்தபோது குரல் மேலே ஏறி, நடுவில் இரண்டாகப் பிளந்து, வெறும் காற்றாகப் போயிற்று. பகவதிப்பெருமாள் மிருதங்கத்தின் வாரைச் சரிசெய்ய ஆரம்பித்தான். திரவியம் பிள்ளை எழுந்து ஜன்னல் வழியாகத் தெருவைப் பார்த்தார். பஸ்ஸில் குடித்த தூசி தொண்டையை அடைக்கிறது என்றாள் முத்தாரம்மாள். மங்கலம் சுக்குத் தண்ணீர் கொடுத்தாள். அடுத்த நாளும் அதே இடத்தில் அதேபோல ஆயிற்று. அன்றைக்குத் தூசியைப் பற்றி யாரும் பேசவில்லை.

ஒத்திகை முடிந்து மற்றவர்கள் இறங்கிப் போன பிறகு திரவியம் பிள்ளை ராஜபாயை நிறுத்திவைத்து, தயங்கித் தயங்கிச் சொன்னார்.

“டீச்சரே, அந்த எடம் வரும்போ பெட்டிய நல்லா அமுக்கி வாசிச்சிருங்கோ. பெருமாளும் ஒரு உருட்டு உருட்டட்டும். ஜனம் அதுக்குள்ள கைதட்டீரும். ஒருத்தனுக்கும் தெரியாது.”

“அவங்களுக்குத் தெரியுமே அண்ணாச்சி” என்றாள் ராஜபாய்.

செய்ய முடியாத காரியம் அல்ல. எத்தனையோ அமெச்சூர் கதாநாயகர்களுக்கு, வக்கீல்களுக்கு, தாசில்தார் மகன்களுக்கு அவள் அப்படி மூடிக் கொடுத்திருக்கிறாள். அவர்கள் குரலில் மூடுவதைத் தவிர வேறு வழி இருந்ததில்லை. இங்கே வேறொன்று அவள் காதில் விழுந்திருந்தது. முதல் நாள் இடைவேளையில் முத்தாரம்மாள் அடுத்த வரியை நினைவுபடுத்திக்கொள்ள, யாருக்கும் இல்லாமல் தனக்குத்தானே அடிக்குரலில் முனகினாள். அந்தக் குரலில் ஒரு கனமும் சூடும் இருந்தன. அது எந்தச் சுரம் என்று பார்க்க ராஜபாயின் விரல் தானாகக் கட்டையைத் தேடிப் போயிற்று. அஞ்சரைச் சுருதியில் கீழ்ப் பஞ்சமம். இளமையில் அவளுக்கு மெட்டுப் போட்டவர்கள் யாரும் அவளை அங்கே இறக்கிப் பாட வைத்ததே இல்லை. அப்போது அங்கே இந்தக் குரல் இருந்திருக்கவும் முடியாது.

மறுநாள் காலையில் ரேடியோவுக்குப் போகிற வழியில் ராஜபாய் கரமனை வீட்டுக்குப் போனாள். முத்தாரம்மாள் வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்தாள். உட்காரச் சொன்னாள். ராஜபாய் உட்காரவில்லை. உட்கார்ந்தால் சொல்ல வந்ததைச் சொல்லமுடியாமல் போய்விடும் என்று பயந்தாள்.

“அம்மா, அந்த ‘நில்’ இனி மேல ஏறாது.”

மங்கலம் சமையலறை வாசலில் அப்படியே நின்றுவிட்டாள். முத்தாரம்மாள் வெற்றிலையை மடித்து முடித்த பிறகே தலையைத் தூக்கினாள்.

“ஏட்டி, ஒனக்கு என்ன வயசு?”

“முப்பத்தி நாலு.”

“நான் அதப் பாடத் தொடங்கும்போ நீ பிறக்கல்ல.”

“பிறக்கல்லதான். ஆனா நேத்தும் முந்தாநாத்தும் பாடுனத நான் கேட்டேன்லா.”

பிறகு ராஜபாய் வேகமாகச் சொன்னாள். சுருதியைக் குறைக்க வேண்டாம், அஞ்சரை அப்படியே இருக்கட்டும், பாட்டின் வார்த்தைகளும் அப்படியே இருக்கட்டும், மெட்டை மட்டும் மாற்றிக் கீழே கொண்டுவருகிறேன், அம்மாவின் கீழ்க்குரல் இப்போது எப்படி இருக்கிறது என்று அம்மாவுக்கே தெரியாது என்றாள். முத்தாரம்மாள் கையை உயர்த்தி அவளை நிறுத்தினாள். கீழே பாடுகிறது தோழி வேஷக்காரி பாடுகிறது என்றாள். வேதக்கோயில் பெட்டிக்காரிக்கு மேடையைப் பற்றி என்ன தெரியும் என்று கேட்டாள். கடைசியில், போய்விட்டு வா என்று மரியாதையாகவே சொன்னாள். அந்த மரியாதைதான் ராஜபாய்க்கு அதிகமாக உறைத்தது.

அன்று மதியமே திரவியம் பிள்ளையின் ஆள் வந்து, டீச்சர் இனி ஒத்திகைக்கு வரவேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனான்.

தங்கையன் அச்சாபீசில் எழுத்துக் கோர்ப்பவன். விழா நோட்டீஸின் கையெழுத்துப் பிரதி அவன் கைக்குத்தான் வந்தது. அதில் ‘ஆர்மோனியம்: ஸ்ரீமதி ராஜபாய்’ என்று மையால் எழுதியிருந்ததைப் பென்சிலால் அடித்து, ‘பக்கவாத்தியம்: உள்ளூர் வித்வான்கள்’ என்று மேலே எழுதியிருந்தார்கள். மனைவியின் பெயரை அடித்துவிட்டு வந்த அந்த வரியை ஈய எழுத்து ஈய எழுத்தாக அவனே எடுத்து அடுக்கினான். சாப்பிடும்போது சொன்னான். மேலதிகாரி பார்க்காத நேரத்தில் பெயரைச் சேர்த்துவிடட்டுமா என்றும் கேட்டான். வாசிக்காத கச்சேரிக்குப் பேர் எதுக்கு என்றாள் அவள்.

ஆனால் மெட்டு அவளை விடவில்லை. ரேடியோவில் மலையாளப் பாட்டு ஒன்றுக்கு வாசித்துக்கொண்டிருக்கும்போதும் உள்ளே ஓடியது. இனி அது யாருக்காக என்றும் தெரியாது. முத்தாரம்மாள் அதைப் பாடப்போவதில்லை, வேறு யாராலும் அதைப் பாடமுடியாது. இருந்தாலும் ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து எல்லாரும் போனபின் ஆர்கனில் உட்கார்ந்து போட்டுப் பார்த்தாள். ஆனந்தபைரவி என்று முதலிலேயே முடிவாகியிருந்தது. ‘நில்’லை எங்கே வைப்பது என்பதில்தான் நான்கு நாள் போயிற்று. ஒருவரை நிற்கச் சொல்லக் குரலை உயர்த்திக் கூப்பிடலாம். இவ்வளவு காலம் காத்திருந்து ஓய்ந்த ஒருத்தி அப்படிக் கூப்பிடுவாளா என்று யோசித்தாள். பாட்டு படிப்படியாக இறங்கி, கீழ்ப் பஞ்சமத்தில் வந்து தரையில் கால் ஊன்றுவது போல அந்தச் சொல்லில் ஊன்றி நின்றது. புதன்கிழமை நடனப் பள்ளியில் இடைவேளையின்போது அதை மெதுவாக வாசித்துப் பார்த்தாள். அங்கேயும் மிருதங்கம் வாசிப்பவன் பகவதிப்பெருமாள்தான். அவன் விரல் நுனியால் பெஞ்சில் தாளம் போட்டுக் கேட்டான். முடிந்ததும், இன்னொரு தடவை என்று மட்டும் சொன்னான்.

இதற்கிடையில் திரவியம் பிள்ளை கொல்லத்திலிருந்து ஒரு ஆர்மோனியக்காரரை வரவழைத்திருந்தார். நல்ல கை, பலமான கை. பிள்ளை சொல்லிக்கொடுத்தபடி, ‘நில்’ வந்தபோது அவர் பத்து விரலாலும் கட்டைகளை அமுக்கினார். முத்தாரம்மாள் பாடுவதை நிறுத்தினாள். ஒருமுறை அவரையும் ஒருமுறை பிள்ளையையும் பார்த்தாள்.

“எனக்க மேல சாக்கப் போட்டு மூடுகேரோ?” என்றாள்.

ஒத்திகை அதோடு முடிந்தது. படியில் இறங்கும்போது பகவதிப்பெருமாள் அவள் பின்னாலேயே போய், டீச்சர் அந்தப் பாட்டுக்கு மெட்டுப் போட்டுவிட்டாள், நான் கேட்டேன் என்று சொன்னான்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் சபையில் பாட்டுக் குழுவுக்குப் பயிற்சி. பன்னிரண்டு பெண்கள். பாதிப்பேர் ஆஸ்பத்திரியில் வேலை பார்ப்பவர்கள், மீதிப்பேர் வயதானவர்கள். அவர்களில் தாசம்மாளுக்கு எழுபது தாண்டியிருந்தது. சபையில் நாற்பது வருஷமாகப் பாடுகிறவள். ராஜபாய் ஆர்கனில் உட்கார்ந்து பாட்டைத் தொடங்கும்போது, பின்வரிசை பெஞ்சில் மங்கலத்தோடு முத்தாரம்மாள் வந்து உட்கார்ந்ததைக் கவனிக்கவில்லை. நெற்றி நிறைய விபூதியோடு அவள் அங்கே உட்கார்ந்திருந்ததைப் பார்த்த பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

பயிற்சி முடிந்து எல்லாரும் எழுந்தபோது முத்தாரம்மாள் முன்னால் வந்தாள். ராஜபாய் அவளைக் கண்டு பதறி எழுந்தாள். முத்தாரம்மாள் ஆர்கனின் கட்டைகளைக் கூர்ந்து பார்த்தாள்.

“முதல் பாட்டு எடுத்த சுருதி வேற, ரெண்டாம் பாட்டு எடுத்தது வேற. புஸ்தகத்துல அப்படியா போட்டிருக்கு?”

“இல்ல அம்மா. புஸ்தகத்துல ரெண்டும் ஒண்ணுதான். ரெண்டாவது பாட்டுல தாசம்மாள் பாட்டிக்கு மேல எட்டாது. அதனால ஒரு கட்டை எறக்கி எடுப்பேன்.”

“அவளுக்கு அது தெரியுமா?”

“தெரியாது.”

வாசல் பக்கம் தாசம்மாள் யாரிடமோ, இன்றைக்கும் நான் கடைசி வரி பிசகாமல் பாடினேன் என்று சொல்லிக்கொண்டு போவது கேட்டது. முத்தாரம்மாள் அந்தக் குரல் போகிறவரை திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு பெஞ்சில் உட்கார்ந்தாள்.

“எனக்குத் தெரியாம எறக்கியிருக்கலாம்லா நீ. அவன்மாரு எல்லாரும் மூடப் பாத்தானுவ. நீ வீட்டுக்கு வந்து மொகத்தப் பாத்துச் சொன்னே.”

“அம்மாக்கு ஒளிச்சு வாசிக்க எனக்குப் பயமா இருந்தது” என்றாள் ராஜபாய்.

“செரி. அத வாசி, கேக்கட்டும்.”

விழாவுக்கு எட்டு நாள் இருந்தது. தினமும் சாயங்காலம் கரமனை வீட்டில் இருவரும் உட்கார்ந்தார்கள். முதல் இரண்டு நாள் சண்டையாகவே போயிற்று. கீழே இறங்கும்போது தன் குரலைக் கேட்க முத்தாரம்மாளுக்குப் பிடிக்கவில்லை. இது யாரோ கிழவி தொண்டை என்று கோபப்பட்டு எழுந்து போய்விடுவாள். ராஜபாய் பேசாமல் ஆர்மோனியத்தின் மேல் கையை வைத்துக்கொண்டு காத்திருப்பாள். உள்ளே போனவள் தண்ணீர் குடித்துவிட்டு, போன இடத்திலிருந்தே முனகிக்கொண்டு வருவாள். மூன்றாம் நாள் கீழ்ப் பஞ்சமம் முதன்முறையாக முழுசாக வந்தது. மங்கலம் அடுப்பை விட்டுவிட்டு வெளியே வந்தாள். முத்தாரம்மாள் நெஞ்சில் கையை வைத்து, உள்ளே அதிர்கிறது என்றாள்.

நான்காம் நாள் அவள் மெட்டில் ஒன்றை மாற்றினாள். ‘கொஞ்சம் நில்’ என்று தொடர்ச்சியாக இருந்ததை, ‘கொஞ்சம்’ என்று பாடிவிட்டு, தாளம் ஒரு முழு ஆவர்த்தனம் சுற்றி வரும்வரை சும்மா இருந்து, பிறகு ‘நில்’ என்றாள். மேடையில் ராணி மேகத்தை நிமிர்ந்து பார்க்க நேரம் வேண்டும், சொன்னவுடனே மேகம் நின்றுவிடுமா என்று கேட்டாள். ராஜபாய் நான்கு நாள் தேடியும் கிடைக்காத இடம் அது. அந்த இடத்தில் ஆர்மோனியமும் வாசிக்காது, மிருதங்கமும் வாசிக்காது என்று உடனே முடிவு செய்தாள். திரவியம் பிள்ளை ஒருநாள் வந்து கேட்டுவிட்டு, ஜனங்கள் பழைய மெட்டைத்தான் கேட்பார்கள் என்று கவலைப்பட்டார். ஆனால் தடுக்கவில்லை; கொல்லத்துக்காரரையும் ஊருக்கு அனுப்பிவிட்டார்.

விழா, சாலைக் கடைத்தெருவுக்குப் பின்னால் ஒரு பள்ளிக்கூட மைதானத்தில் பந்தல் போட்டு, சாயங்காலம் ஆறு மணிக்குத் தொடங்கியது. நாகர்கோவில், குழித்துறை, நெய்யாற்றின்கரை என்று பல ஊர்களிலிருந்தும் ஆட்கள் வந்திருந்தார்கள். மலையாளிகளும் நிறைய. தங்கையன் அச்சாபீசிலிருந்து நேராக வந்து, மை படிந்த விரல்களோடு ஓரத்தில் நின்றான். முத்தாரம்மாள் ஐந்து பாட்டுப் பாடினாள். எல்லாம் கவனமாகப் பொறுக்கி எடுத்தவை. கைதட்டினார்கள். ஆனால் அந்தக் கைதட்டலில் அவர்கள் எதற்கோ காத்திருப்பது தெரிந்தது. ஆறாவது பாட்டுக்கு முன்னால் பின்பக்கத்திலிருந்து முகில் பாட்டு, முகில் பாட்டு என்று குரல் வந்தது. கூட்டம் முழுவதும் அதைப் பிடித்துக்கொண்டது.

முத்தாரம்மாள் மைக்கைக் கிட்டே இழுத்தாள். கூட்டம் அடங்கியது.

“பாடுகேன். ஆனா நீங்க கேட்ட பாட்டு வேற, நான் பாடப்போறது வேற. அந்த மெட்டு இருவது வயசுக்காரிக்குப் போட்டது. எனக்கு இப்ப அந்தத் தொண்ட இல்ல. வேணும்னா வீட்டுல தட்டுப் போட்டுக் கேட்டுக்கிடுங்கோ. இது இப்ப இருக்கிற தொண்டைக்குப் போட்ட மெட்டு. போட்டது இந்தா இருக்கா, ராஜபாய். பாறசாலைக்காரி. ஒங்க நோட்டீசுல பேரு இல்ல, அதனால நான் சொல்லுகேன்.”

ராஜபாய் தலையைக் குனிந்துகொண்டு துருத்தியைத் திறந்தாள். அவள் வாசித்த ஆயிரம் நிகழ்ச்சிகளில் அதுவரை அவளைக் காட்டி யாரும் ஒரு கூட்டத்துக்கு அவள் பெயரைச் சொன்னதில்லை. பிறகு சுருதியைப் பிடித்தாள்.

பாட்டு நடுக்குரலில் தொடங்கியது. தெரிந்த வார்த்தைகள் தெரியாத வழியில் போவதைக் கேட்டு முன்வரிசையில் இருந்தவர்கள் குழம்பினார்கள். சிலர் பக்கத்தில் இருப்பவரிடம் ஏதோ சொல்லத் திரும்பினார்கள். இரண்டாவது அடியில் குரல் இறங்க இறங்கப் பேச்சு நின்றது. ‘கொஞ்சம்’ என்றாள். ஆர்மோனியம் நின்றது, மிருதங்கம் நின்றது. பந்தலுக்கு வெளியே தெருவில் ஒரு வண்டி மணி கேட்டது. முத்தாரம்மாள் தலையை உயர்த்தி, பந்தல் துணிக்கு மேலே எதையோ பார்த்தாள். அத்தனை பேரும் அவள் பார்த்த பக்கம் பார்த்தார்கள். அப்போது கீழேயிருந்து, அவள் நெஞ்சின் முழு அகலத்திலிருந்தும், அந்த ‘நில்’ வந்தது. அதில் கெஞ்சல் இல்லை. வாழ்ந்து முடித்த ஒருத்தி, தனக்கு உரிமையான ஒன்றைக் கேட்பது போல இருந்தது. மைக் அதை வாங்கிப் பந்தல் முழுவதும் பரப்பியது. ராஜபாய் ஒரே ஒரு கட்டையை மட்டும், குரலுக்குக் கீழே அது சாய்ந்துகொள்ளும் அளவுக்கு மெல்ல அழுத்தினாள்.

முடிந்ததும் கைதட்டல் உடனே வரவில்லை. முன்வரிசையில் ஒரு வயதான கடைக்காரர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்து நின்றார். அவர் நின்றதைப் பார்த்து இன்னொருவர். பிறகு வரிசை வரிசையாக எழுந்தார்கள். அதன்பின்தான் சத்தம் வந்தது. திரவியம் பிள்ளை மேடையேறி, இன்னொரு தடவை பாடவேண்டும் என்று ஜனங்கள் கேட்கிறார்கள் என்றார். முத்தாரம்மாள் ராஜபாயைப் பார்த்து, “என்ன பிள்ளே, பாடலாமா?” என்று கேட்டாள். மேடையில் ஒரு பாடகி ஆர்மோனியக்காரியைக் கேட்டுவிட்டுப் பாடுவதை அங்கே இருந்தவர்கள் அன்றுதான் பார்த்தார்கள். பாடலாம் என்று ராஜபாய் தலையசைத்தாள்.

கூட்டம் கலைந்தபோது தங்கையன் மேடைக்குப் பின்னால் வந்தான். ஆர்மோனியத்தை உறையில் போட்டுக் கட்டிக்கொண்டே, இந்த ஊரில் இனி எவன் நோட்டீஸ் கொண்டுவந்தாலும் உன் பெயருக்குப் பெரிய எழுத்துத்தான் என்றான். பெரிய எழுத்து வேண்டாம், பிழை இல்லாமல் இருந்தால் போதும் என்றாள் அவள். சொல்லும்போதே சிரிப்பு வந்துவிட்டது.

அந்தப் பாட்டை முத்தாரம்மாள் பிறகு நாகர்கோவிலில் பாடினாள், திருநெல்வேலியில் பாடினாள். போன இடமெல்லாம் ராஜபாய் வந்தால்தான் வருவேன் என்றாள். ரேடியோவில் பாட அழைத்தபோது, ஆர்மோனியத்துக்குப் பதிலாக ராஜபாய் வயலினில் வாசித்தாள். வயலினில் அது இன்னொரு பாட்டாகவே கேட்டது. அறிவிப்பாளர் பாடகியின் பெயரை அடுத்து, இசையமைப்பு என்று சொல்லி ராஜபாயின் பெயரைச் சொன்னார். அன்று பாறசாலையில், அவள் அப்பாவின் வீட்டுக்குப் பக்கத்துத் தேநீர்க் கடையில் இருபது பேர் நின்று கேட்டார்களாம். உபதேசியார் அவர்களிடம், இது என் மகள்தான் என்று மூன்று தடவை சொன்னதாக ஊரில் பேச்சு.

அதற்குப் பிறகு அவளைத் தேடி ஒரு தனி வகை ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். ஒரு காலத்தில் பாடிப் பேர் வாங்கிவிட்டு, இப்போது தொண்டை மாறிப்போனதால் வீட்டோடு இருந்தவர்கள். கழுத்தில் ஆபரேஷன் ஆன ஒரு பாகவதர் வந்தார். பிள்ளைப்பேறுக்குப் பின் குரல் தடித்துப்போன அம்மிணி என்ற பள்ளிக்கூடப் பாட்டு ஆசிரியை வந்தாள். ராஜபாய் அவர்களைப் பாடச் சொல்லமாட்டாள். முதலில் பேசச் சொல்வாள். ஊர்க்கதை, வீட்டுக்கதை எதுவானாலும் அரைமணி நேரம் கேட்டுக்கொண்டே கட்டையில் விரலை ஓட்டுவாள். அவர்கள் பேச்சு எங்கே சுகமாக நிற்கிறது என்று தெரிந்த பிறகு, அங்கிருந்து மெட்டைத் தொடங்குவாள். கோட்டை வித்வானே ஒருநாள் தன் மருமகளை அனுப்பிவைத்தார். சீட்டில், ‘கைராசி உண்டு’ என்று எழுதியிருந்தார். வேதக்கோயில் கை என்று அவர் சொன்னதை ராஜபாய் மருமகளிடம் சொல்லவில்லை.

1955இல் மெட்ராஸிலிருந்து ஒரு படக் கம்பெனிக்காரர் வந்தார். அவளுக்குத் தமிழும் மலையாளமும் தெரியும், மேல்நாட்டு முறையும் நம் முறையும் தெரியும், எட்டுப் பேர் வேலையை ஒருத்தி செய்வாள் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். ஒரு பெரிய சங்கீத டைரக்டருக்கு உதவியாக வரச்சொன்னார். மெட்டுகள் யார் பெயரில் வரும் என்று அவள் கேட்டாள். அது வழக்கப்படி டைரக்டர் பெயரில்தான் என்றார். அவருக்குக் காப்பி கொடுத்து, ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கு ஆள் இல்லை என்று சொல்லி அனுப்பிவிட்டாள். வருத்தம் இல்லையா என்று தங்கையன் கேட்டபோது, கொஞ்சம் உண்டு என்று மறைக்காமல் சொன்னாள். எட்டு வாத்தியக்காரர்களை வைத்து இசையமைக்க எந்த இசைக்காரிக்குத்தான் ஆசை இருக்காது.

அடுத்த வருஷம் நவம்பரில் மாகாண எல்லைகள் மாறின. நாகர்கோவில் மெட்ராஸ் ராஜ்யத்துக்குப் போயிற்று, திருவனந்தபுரம் கேரளமாயிற்று. முத்தாரம்மாளும் ராஜபாயும் இரண்டு ராஜ்யத்துக்காரர்கள் ஆனார்கள். அந்த மாதம் முத்தாரம்மாளிடமிருந்து, நாகர்கோவிலுக்குப் போயிருந்த மங்கலத்தின் கையெழுத்தில் ஒரு கடிதம் வந்தது. ராணி பாட்டெல்லாம் போதும் என்று எழுதச் சொல்லியிருந்தாள். ராணியும் வேண்டாம், ராஜாவும் வேண்டாம், அறுபத்திரண்டு வயதுக்காரி அறுபத்திரண்டு வயதுக்காரியாகவே நின்று பாட ஒரு பாட்டு வேண்டும், வார்த்தையும் நீயே போடு, அது எப்படி இருக்கவேண்டும் என்று எனக்குத் தெரியாது, நீ வந்தால் இருந்து பேசலாம் என்றிருந்தது.

ராஜபாய் அந்த வாரமே புறப்பட்டாள். பஸ்ஸின் கூரையில் ஆர்மோனியத்தை ஏற்றிக் கயிறு போட்டுக் கட்டச் சொல்லி, கட்டு சரியாக இருக்கிறதா என்று தானே ஏறிப் பார்த்தாள். நாகர்கோவிலில் முத்தாரம்மாள் வாசலுக்கு வந்து பெட்டியின் ஒரு பக்கத்தைப் பிடித்தாள். இருவருமாக அதை உள்ளே தூக்கி வைத்தார்கள். சாப்பிட்டு முடித்து உட்கார்ந்ததும், எங்கேயிருந்து தொடங்கலாம் என்று முத்தாரம்மாள் கேட்டாள்.

“இன்னைக்குக் காலைல எந்திச்சதுலேர்ந்து என்னெல்லாம் செய்தீங்களோ அதச் சொல்லுங்கோ அம்மா” என்றாள் ராஜபாய், கட்டையில் விரலை வைத்துக்கொண்டு.

முத்தாரம்மாள் சொல்ல ஆரம்பித்தாள்.